தேர்ந்தெடுப்பவர் யார்?

ஒருவருக்குப் பணி தருவதும் மறுப்பதும் சிறு செயல்கள் அல்ல. ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அம்முடிவைப் பொறுத்தவை. ஆகவேதான் வள்ளுவர், ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவரிடம் வினையை ஒப்படைப்பதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இன்றோ ஆளை ஆராயும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறிக் கருவியிடம் பல நிறுவனங்கள் விட்டு வருகின்றன. அக்கருவி தவறினால் தவறு யாருடையது? இவ்வினாவை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்க முற்பட்டது. முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களே அதற்குப் பயிற்சிப் பாடம். விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் அது ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடும். அடுத்த ஆண்டே குறை தெரிந்தது. முன்னர் விண்ணப்பித்தவருள் பெரும்பாலோர் ஆடவர். ஆகவே ஆடவரே தக்கவர் எனக் கருவி கற்றுக்கொண்டது. மகளிர் சதுரங்கக் கழகத் தலைவி என்பதுபோல் 'மகளிர்' என்ற சொல் வந்தாலே மதிப்பைக் குறைத்தது. மகளிர் கல்லூரிகள் இரண்டில் பயின்றோரையும் தாழ்த்தியது. அச்சொற்களைப் பொருட்படுத்தாதவாறு திருத்தினர். எனினும் வேறு வழியில் வேற்றுமை காட்டாது என்னும் உறுதி கிட்டவில்லை. இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 அக்டோபரில் இதனை வெளியிட்டது. விண்ணப்பதாரர்களை மதிப்பிடத் தம் ஆட்தேர்வாளர்கள் அக்கருவியைப் பயன்படுத்தியதில்லை என்று அமேசான் கூறியது.

பெண்களை விலக்கு என்று அக்கருவிக்கு எவரும் கட்டளையிடவில்லை. அதற்குப் பகையும் இல்லை, பரிவும் இல்லை. மனிதர் முன்பு நடந்த நடையே அதற்குப் பாடநூலாயிற்று. எண்ணத்தில் தீமை இல்லாததனால் நம் பொறுப்பு நீங்கிவிடுமா? கவனமின்மையால் விளையும் தீங்கும் தீங்கே. துன்புறுபவருக்கு வேறுபாடு இல்லை.

நாம் விடைத்தாள் திருத்திய காலம் நினைவுக்கு வருகிறது. முகப்பில் பெயரைக் கண்டதும், 'இவன் எப்போதும் பின்தங்குபவன்' என்ற எண்ணம் முந்திக்கொள்ளும். சிவப்பு மையும் அதன் வழியே செல்லும். இதனை உணர்ந்து முகப்பை மடித்து வைத்துத் திருத்தத் தொடங்கினோம். ஆனால் கையெழுத்தே ஆளைச் சொல்லிவிட்டது! ஆண், பெண் என்னும் குறிப்பை மறைத்தாலும் கல்லூரியின் பெயரும் விளையாட்டுக் கழகமும் கருவிக்கு அதனைக் காட்டிக்கொடுப்பது இவ்வாறே. ஒருமுறை அம்மாணவன் தாளைக் கொண்டுவந்து, "டீச்சர், இந்த விடைக்கு ஏன் மார்க் இல்லை?" என்றான். மீண்டும் படித்தோம். விடை சரியாகவே இருந்தது. அன்று அடைந்த நாணம் இன்றும் மறையவில்லை. ஆயினும் அவன் கேட்பதற்கு எதிரே ஒருவர் இருந்தோம். கருவியால் விலக்கப்பட்டவர் யாரிடம் சென்று கேட்பார்?

அதனால் கருவியே வேண்டா என்று நாம் கூறவில்லை. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் படித்துச் சலித்த மனிதக் கண்ணும் தவறும். கருவியின் முடிவுகளையோ எண்ணிப் பார்த்துச் சோதிக்க முடியும். மனிதவளத் துறையினர் இன்று கற்க வேண்டிய தரவுத் திறன் இதுவே. இத்தரவு எங்கிருந்து வந்தது? இதில் இடம்பெறாதோர் யாவர்? இம்முடிவுக்குக் காரணம் யாது? இவ்வாறு வினவப் பெருங்கணிதம் தேவையில்லை. ஆடவர் 100 பேரில் 50 பேரும், மகளிர் 100 பேரில் 30 பேரும் தேர்வானால், மகளிர் விகிதம் ஆடவர் விகிதத்தில் 60 விழுக்காடே ஆகும். இது 80 விழுக்காட்டிற்குக் குறைந்தால் காரணத்தை ஆராய்க என்பது அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்ட அளவுகோல்.

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் செயற்படுத்தப்படும் சட்டம், இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் பாரபட்சச் சோதனைக்கு உட்படுத்தவும், விண்ணப்பதாரருக்கு முன்னரே அறிவிக்கவும் பணிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்தேர்வுக் கருவிகளை மிகு இடருடையவற்றுள் சேர்த்துள்ளது. இவை நல்ல தொடக்கங்கள். எனினும் சட்டம் சோதனையைக் கட்டாயமாக்கலாம். மனச்சான்றைக் கட்டாயமாக்க இயலாது.

ஒருவரை மறுக்கும் கடிதத்தில் கையொப்பமிடுபவர், காரணம் கேட்டால் தாமே விடை கூறக் கூடியவராக இருத்தல் வேண்டும். "கருவி சொன்னது" என்பது விடையாகாது. விடை கூற இயலாத முடிவைப் பிறர் வாழ்வின்மீது சுமத்த நமக்கு உரிமை உண்டா? சிந்திப்போமாக.