அழகுக்காக ஓர் உயிரை நோயாளியாக்கலாமா?



பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "பல்லி வேண்டும்" என்று சொல்லும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் உண்டு. பல்லி சொன்னால் பலன் பார்த்து வளர்ந்த நாம் முதலில் சிரிக்கிறோம். பின்பு பிள்ளையின் ஆசைக்காகக் கடைக்குப் போகிறோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சிறுத்தைப் பல்லிதான்.

இதன் தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட கற்பாங்கான நிலம். நம் வீட்டுப் பல்லியைப் போல் இது சுவரில் ஏறாது. விரல்களில் ஒட்டும் தகடு இல்லை. ஆனால் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. பகலில் கல்லிடுக்கில் ஒதுங்கி, இருட்டியபின் பூச்சி தேடும். பஞ்ச காலத்துக்காகத் தன் தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் இயற்கை கொடுத்த அழகு.

அது போதாதென்று மனிதர் புதுப்புது நிறங்களில் இவற்றை இனவிருத்தி செய்கின்றனர். அவற்றுள் ஒன்று பளிச்சென்ற மஞ்சள் நிறமுடைய 'லெமன் ஃப்ரொஸ்ட்'. அந்நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே தோலில் கட்டிகளையும் உண்டாக்குகிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்தனர். இவ்வகையில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டவை கட்டியால் பீடிக்கப்படுகின்றன. 'எனிக்மா' என்ற வகையிலோ பல பல்லிகள் தலை சாய்ந்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன.

"இனவிருத்தி செய்யாவிட்டால் அந்தப் பல்லி பிறந்தே இராதே! பிறவி கொடுத்தது எப்படித் தீங்காகும்?" என்று சிலர் கேட்பர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது. ஆனால் பிறவாத ஒன்றுக்கு நாம் எதையும் மறுத்தவர்கள் ஆகமாட்டோம். மறுக்கப்படுவதற்கு அங்கே எவரும் இல்லை. பிறந்ததற்கோ வலி உண்டு. மேலும், வளர்ப்பவர் முன் இருந்த தெரிவு பல்லியா, வெறுமையா என்பதல்ல. நலமான புள்ளிப் பல்லியா, நோயுள்ள நிறப் பல்லியா என்பதே. அறிந்தே நோயைத் தெரிந்தெடுத்தவர், பிறவி கொடுத்த புண்ணியத்தைச் சொல்லித் தப்ப முடியாது.

இதில் எவர் மனத்திலும் கோபமோ பகையோ இல்லை. வளர்ப்பவர் பல்லியை நேசிக்கிறார். வாங்குபவர் பிள்ளையை நேசிக்கிறார். கேட்பவர் இருப்பதால் விற்பவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உண்டு, கொல்லாமையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடலாம். அடிக்காத கையும் துன்பம் செய்யக்கூடும்.

ஏற்கெனவே பிறந்துவிட்ட நோயுற்ற பல்லியை வெறுக்க வேண்டியதில்லை. அதை அன்பாகப் பராமரிக்கலாம். அதிலிருந்து இன்னொன்றை உண்டாக்காமல் விடலாம்.

அடுத்த முறை பிள்ளையோடு கடைக்குப் போனால், விலையைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்போம்: "இதன் தாயும் தகப்பனும் நோயில்லாமல் இருந்தனவா?" பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.