கைக்கெட்டும் பறவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிறையும்போது நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் பறவைகளும் வந்து கூடுகின்றன. கவிநாடு கண்மாய் போன்ற நீர்நிலைகளில் நாரையும் நீர்க்காகமும் மடையானும் இறங்குகின்றன. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடலோரச் சேற்றில், சைபீரியா போன்ற குளிர்நாடுகளிலிருந்து பறந்து வந்த சின்னஞ்சிறு உள்ளான்கள் இரை தேடுகின்றன. இவற்றைக் காண்பதற்கென்றே பைனாகுலரும் கையுமாகக் கரையில் நிற்கும் இளைஞர்களும் உண்டு. 'இது வீண் பொழுதுபோக்கு அல்லவா? மார்க்கப் பற்றுள்ள பிள்ளைகளுக்கு இது ஆகுமா?' என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீணானவற்றை விட்டு விலகி நிற்பதை முஃமின்களின் பண்பாகத் திருமறை கூறுகிறதல்லவா?

ஆனால், அதே திருமறைதான் பறவைகளைப் பார்க்கும்படி நம்மைத் தூண்டவும் செய்கிறது. தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை இவர்கள் பார்க்கவில்லையா என்று அல்முல்க் அத்தியாயத்தின் 19-வது வசனம் கேட்கிறது. அவற்றை வானில் தாங்கி நிற்பவன் ரஹ்மானே என்றும் உணர்த்துகிறது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அல்அன்ஆம் அத்தியாயம். ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருக்கிறது என்கிறது அந்நூர் அத்தியாயம். எனவே பார்ப்பது வீணல்ல; படிப்பினையின்றிப் பார்ப்பதே வீண்.

அந்தப் படிப்பினை என்ன? ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்களுக்கு அது தெரியும். விளைச்சலற்ற பாலைப் பள்ளத்தாக்கில் எழுந்த மாநகரம் மக்கா. அங்கே புறாக்கள் மனிதர்களின் காலடியிலேயே அச்சமின்றி இரை பொறுக்குகின்றன. யாரும் அவற்றின் மீது கல்லெறிவதில்லை. ஹரமின் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் கூடாது என்று, ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அங்கே ஒரு புறாவைக் கொன்றவர் ஓர் ஆட்டைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

இதன் உட்கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 94-வது வசனம் விளக்குகிறது. இஹ்ராமுடைய நிலையில், கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்திலேயே வேட்டைப் பிராணிகளை வரவிட்டு அல்லாஹு தஆலா சோதிக்கிறான். மறைவில் தன்னை அஞ்சுகிறவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அந்தச் சோதனை. எட்டாத பறவையை விட்டுவிடுவதில் சிறப்பில்லை. எட்டும் பறவையை விட்டுவைப்பதில்தான் தக்வா இருக்கிறது.

'ஹரமின் சட்டம் ஹரமுக்கு மட்டும்தானே? நம் ஊரில் வேட்டை ஹலால் ஆயிற்றே!' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அதை நாமாக ஹராமாக்கவும் உரிமையில்லை. ஆனால் காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற நபிமொழியும், உயிருள்ளதைக் குறிபார்த்து எறியும் இலக்காக்கக் கூடாது என்ற தடையும் ஹரமுக்கு மட்டும் உரியவை அல்ல. உண்டிவில்லால் மடையானை அடித்து அங்கேயே போட்டுவிட்டுப் போகும் சிறுவனின் செயலை எந்த ஹலாலில் சேர்ப்பது? கண்ணி வைத்துப் பிடித்த கௌதாரியையும் கொக்கையும் சாலையோரத்தில் வாங்குகிறோமே, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருப்பது நமக்குத் தெரியாதா? பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் அந்தக் குற்றம் நீங்கிவிடுமா?

'ஹலாலா?' என்ற கேள்வியே ஒருவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதைப் பாருங்கள். 1896-ல் பம்பாயில் பிறந்த சலீம் அலீ, பத்து வயதளவில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவியாகத் தெரியவில்லை. முஸ்லிம்கள் உண்ணத்தக்கதுதானா என்ற ஐயம் எழுந்தது. மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கேட்டார். வேட்டையில் பழகிய அவருக்கும் அது புலப்படவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிமுகக் கடிதம் கொடுத்துச் சிறுவரை அனுப்பினார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் கண்ட சிறுவர், பின்னாளில் இந்தியப் பறவையியலின் பெரும் அறிஞரானார், 1976-ல் பத்ம விபூஷண் பெற்றார், 1987-ல் காலமானார். தின்னலாமா என்று கேட்ட சிறுவர், இது எது என்று அறிய முற்பட்டார். அந்த ஒரு படி ஏறியதுதான் அவரை உயர்த்தியது.

நாமும் அந்தப் படியை ஏற வேண்டும். நகங்களால் வேட்டையாடும் பறவைகள் உண்ணத் தகாதவை என்று கிதாபில் ஓதுகிறோம். வல்லூறு எது, வைரி எது என்று காட்டினால் தெரியாமல் விழிக்கிறோம்! ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபாவின் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத், நம் ஊர்ப் பொட்டலிலும் தோப்பிலும் கொண்டையை விரித்துத் தத்தித் திரியும் கொண்டலாத்திதான். அதைக் கொல்ல வேண்டாமென நபிமொழி இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஒரு பயணத்தில் தோழர்கள் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணில் குஞ்சுகள்தாம் பட்டன; அவர்கள் கண்ணில் தாயின் தவிப்பு பட்டது. பார்வை என்றால் இதுவல்லவா பார்வை!

தாய்மார்களே! சுப்ஹு தொழுது, ஓதி முடித்த பிள்ளையைக் கண்மாய்க் கரைக்கு அனுப்பத் தயங்காதீர்கள். கையிலுள்ள உண்டிவில்லை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பசித்த வயிற்றோடு கூட்டைவிட்டுச் சென்று, நிறைந்த வயிற்றோடு அந்தியில் திரும்பும் பறவையிடம் அவன் தவக்குலைக் கற்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் வந்து அமர்ந்ததைத் தொடாமல் பார்த்து நிற்கப் பழகியவன், நாளை கைக்கெட்டும் பிறர் பொருளையும் தொடாமல் நிற்பான்.

பார்க்கும் கண்ணையும், அடங்கும் கையையும், அஞ்சும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.