கை தளர்ந்தார்க்குச் செயல் உண்டோ?

நோய்களுள் மருந்தால் தீர்வனவும் உள. தீராது உயிருள்ள அளவும் உடனுறைவனவும் உள. முன்னையவற்றின்கண் உறவினர் செய்யத்தக்கது யாது என்பது யாவர்க்கும் தெரிந்ததே. பின்னையவற்றின்கண்ணேதான் மயக்கம் நிகழ்கின்றது. பாரிசவாயுவால் ஒருபக்கம் வீழ்ந்தவர், தொழுநோயால் விரல் மடங்கியவர், கீல்வாதத்தால் மூட்டுக்கள் இறுகியவர், முதுகெலும்பு முறிந்து இடுப்பின்கீழ் உணர்விழந்தவர் என்னும் இவர்களை நாம் இரக்கத்தோடு ஓரிடத்தில் அமர்த்தி, உண்பித்து, உடுப்பித்து, 'இனி நீர் ஒன்றும் செய்யவேண்டா' என்று கூறிவிடுகின்றோம். இதனை அறம் என்றே நம்மனோர் கருதுகின்றனர். இஃது அறந்தானா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வையம் எமக்கு எழுந்தது நூல் கற்றதனாலன்று. பாலாற்றை அடுத்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் பதனிடுதலையும் காலணி செய்தலையும் நம்பி வாழுங் குடும்பங்கள் மிகப் பல. அவற்றுள் எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்து மூதாட்டியார், காலணித் தொழிற்சாலையில் நெடுங்காலம் மேற்றோல் தைத்து மக்களை வளர்த்தவர், பாரிசவாயுவால் வலக்கை வலியிழந்தார். மக்கள் நல்லவர், மருமகளார் அவரினும் நல்லவர். எனவே அவ்வம்மையார்க்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாது போயிற்று. சோற்றைப் பிசைந்து ஊட்டினர். நெற்றியில் திருநீறும் பிறரே இட்டனர். ஈராண்டில் அவர் பேச்சும் குறைந்தது.

பின்னர் அவ்வீட்டிற்கு ஆக்குபேஷனல் தெரபி கற்ற இளம்பெண் ஒருவர் வந்தார். 'எங்கே வலிக்கின்றது?' என்று அவர் வினவவில்லை. 'பாட்டி, நோய் வருமுன் விடிந்தெழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்றே வினவினார். மூதாட்டியார் சிறிது நேரம் வாளா இருந்து, 'அரிசியில் கல் பொறுக்குவேன் அம்மா. காய் அரிவேன்' என்றார். அடுத்த முறை வந்தபொழுது அப்பெண் ஒரு பலகை கொணர்ந்தார். துருப்பிடியாத இரண்டு ஆணிகள் அதன் கீழிருந்து மேல்நோக்கி நின்றன. காயை அவ்வாணிகளிற் குத்திவைத்தால் பற்றுதற்கு மற்றொரு கை வேண்டா, இடக்கையொன்றே அரியும். முறம் நழுவாதிருக்க அதன் அடியில் ஈரத்துணி விரித்தார். இவ்வளவே அவர் செய்தது. மருமகளாரோ கண்கலங்கி, 'நோயாளி மாமியாரை வேலை வாங்குகின்றாள் என்று ஊர் சொல்லாதா?' என்றார். இந்த வினா எளிதன்று. இதற்கு விடை காண்டற்கே இக்கட்டுரை எழுதலுற்றோம்.

ஆக்குபேஷனல் தெரபி என்பதனைச் செயல்வழிச் சிகிச்சை எனலாம். தொழில்வழிச் சிகிச்சை என்பாரும் உளர். ஆயின் தொழில் என்றவுடன் கூலியே நினைவிற்கு வருதலின் அப்பெயர் மயங்க வைக்கும். பல் துலக்கல், சோறு பிசைதல், பூத்தொடுத்தல், குழந்தையை மடியில் ஏந்தல், வழிபாடாற்றல் ஆகிய யாவும் ஈண்டுச் செயல் எனப்படும். அமெரிக்க நாட்டில் 1917இல் இதற்கெனச் சங்கம் ஒன்று தோன்றிற்று. நம் நாட்டில் இதனைக் கற்பிக்கும் முதற் பள்ளியைப் பம்பாயில் 1950இல் நிறுவியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். நோயை நீக்குதல் இதன் முதல் நோக்கமன்று. நோயோடிருப்பவர் தமக்கு வேண்டிய செயலைத் தாமே செய்துகொள்ளுமாறு கருவியையும் இடத்தையும் முறையையும் மாற்றியமைத்தலே இதன் பணி. வாதத்தால் வீழ்ந்த கையையே சட்டையில் முதலில் நுழைக்கவேண்டும் என்பதும், விரல் மடங்காதார்க்குக் கரண்டிக் காம்பைத் துணிசுற்றிப் பருமனாக்கவேண்டும் என்பதும், மூச்சிரைப்புடையார் அமர்ந்தே சமைக்கவேண்டும் என்பதும் சிறு செய்திகளே. அவற்றை அறியாமையால் எத்துணைப் பேர் பிறர் கையை எதிர்நோக்கிக் கிடக்கின்றனர்!

வேலூர் இத்துறைக்குப் புதிதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் சிறிதாகத் தொடங்கிய மருத்துவப்பணி பெருகிக் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாயிற்று. தொழுநோய் மிக்கிருந்த அந்நாளைய வட ஆர்க்காட்டில், அக்கல்லூரி மருத்துவர் பால் பிராண்ட் என்பார் 1948 முதல் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்க்கும் அறுவையை மேற்கொண்டார். அவர் கண்ட உண்மை பெரிது. தொழுநோயாளரின் விரல் அந்நோயால் தானே அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றமையால் அவர் கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றுகின்றார். இறுகிய பூட்டைத் தசை கிழியுமளவும் திருகுகின்றார். உறங்குங்கால் எலி கடித்தலையும் அறியார். வலியின்மையே அவரைச் சிதைக்கின்றது. வலியும் ஒரு காவல் என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுவதொன்று இல்லை. இறைவனது மறக்கருணை என்று நம் பெரியோர் கூறுவதனை இங்கு நினைத்தல் தகும்; ஆயினும் வலியால் துடிப்பார் முன்னின்று இதனைச் சொல்லுதல் தகாது.

நிமிர்த்திய கையோடு வெளிச்சென்ற நோயாளருள் சிலர்க்கு ஓர் எதிர்பாராத இடர் நேர்ந்தது. கை திருந்தியமையின் முன்போல் பிச்சை விழவில்லை. கையை மட்டும் திருத்தி அக்கைக்குரிய செயலைத் தாராவிடின் யாது பயன்? இது கண்ட பிராண்டும் துணைவரும், அவர்கள் தங்கித் தச்சும் மரப்பொம்மை செய்தலும் கற்பதற்கு ஒரு நிலையம் அமைத்தனர். உணர்விழந்த கைக்கு ஏற்பக் கருவிகளின் பிடியை மாற்றினர். புண்படும் பாதத்திற்கு மென்மையான நுண்துளை ரப்பரால் செருப்புச் செய்தனர். நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்க்கு இந்நாளில் செய்யப்படும் காலணிகளிலும் அத்தகைய ரப்பர் பயன்படுகின்றது. உலகிற்கெல்லாம் காலணி செய்தனுப்பும் இப்பாலாற்றுப் பகுதியில் இத்தகைய செருப்புக்கு இன்னும் தனிச்சிறப்பு வாய்த்திலது என்பது எம் குறை.

மேரி வர்கீஸ் அம்மையாரையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். இளமருத்துவராய் இருந்த அவர் 1954இல் ஊர்தி விபத்தால் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டு வந்து, அதற்கெனத் தனித்துறையை வேலூரில் தொடங்கினார். 1966இல் உள்நோயாளர் தங்கும் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. இவையெல்லாம் பிற சமயத்தார் செய்தன. நாம் செய்திலேம். இதனை ஒளியாது கூறிவிடுதல் நன்று.

இனி நம் நூனெறி நின்று நோக்குவாம். உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாக உள்ளன. அவை ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடக்கின்றன. அம்மறைப்பைச் சிறிது நீக்கிக் கிரியையை விளங்கச் செய்வது கலை என்னும் தத்துவம். வித்தை அறிவையும் அராகம் விழைவையும் விளக்கும். எனவே செய்யும் ஆற்றல் கையினுடையதன்று, உயிரினுடையது. கண்ணாற் காணப்படும் கை, பாணி என்னும் கன்மேந்திரியத்திற்கு இருப்பிடம் மாத்திரமே. பொறிகள் தாமே அறியமாட்டா, உயிரின் துணையாலேயே அறியும் என்று சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம் கூறுவதும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. அற்றாகலின் கை வீழ்ந்த இடத்துக் கிரியாசத்தி அழிந்தது என்றல் பொருந்தாது. ஒரு வாயில் அடைபட்டது, அவ்வளவே. மற்றொரு வாயிலைக் காட்டுவார் எவரோ அவர் கலையின் தொழிலைத் தம்மளவிற் செய்பவராவர். அஃதன்றி, 'நீர் ஒன்றும் செய்யவேண்டா' என்று சொல்லி எஞ்சிய வாயில்களையும் அன்பினால் அடைப்பவர் யார் தொழிலைச் செய்கின்றனர்? மறைத்தலே ஆணவத்தின் தொழில் என்பதனைச் சைவர்க்கு நாம் விளக்கவேண்டா. மேலும், உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. ஈராண்டு படுக்கையைச் சார்ந்த உயிர் படுக்கையின் வண்ணமே ஆகும். அம்மூதாட்டியாரது பேச்சுக் குறைந்தமைக்கு நாவின் வாதம் காரணமன்று என்றே கருதுகின்றேம்.

அற்றேல், நோய் பிராரத்த வினையின் பயனன்றோ, அதனை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டுமாகலின் இடைபுகுந்து உதவுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ எனின், ஆகாது. பசியும் பிராரத்தமே. இளையான்குடி மாறனார் நள்ளிரவில் விதைநெல்லை வாரிவந்து அமுதளித்தபோது, விருந்தினர் பசி அவர் வினைப்பயன் என்று எண்ணி வாளா இருந்திலர். வினை சடம், அது தானே பயனூட்டமாட்டாது, இறைவனே ஊட்டுவான் என்பது நம் கொள்கை. ஆகவே ஒருவர் படுக்கையருகில் நின்று 'இஃது இவர் வினை' என்று முடிவு கூறுவார், இறைவன் கணக்கைத் தாம் பார்த்தவர்போற் பேசுகின்றனர். வினைக்கொள்கை தன் துன்பத்தின்கண் ஒருவனுக்குப் பொறையைத் தருவது. பிறர் துன்பத்தின்கண் அதனை எடுத்துரைப்பின் அது நம் சோம்பலுக்குத் திரையாகிவிடும்.

இத்தோல் நாட்டில் அத்திரை மிகத் தடித்தது. பதனிடுதற்குப் பயன்படும் குரோமியச் சேர்மங்கள் தோலிற் புண்ணும் ஒவ்வாமையும் விளைப்பன என்பது மருத்துவம் கண்ட உண்மை. பதனீடு செய்யுஞ் சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தமை பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய பொருளைத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மனிதர் கையால் வந்த கேட்டையும் வினை என்று சொல்லிக் கடந்துபோவார்க்கு இத்தீர்ப்பு நாணந் தருவதாகுக.

பெரியபுராணத்துத் தண்டியடிகளை இங்கு நினைவோம். பிறவியிலேயே கண்ணிலாதவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து சுருங்கக் கண்டு (அகக்கண்ணாற் கண்டு என்க) அதனைத் தோண்டத் துணிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினார். அத்தறியும் கயிறுமே செயல்வழிச் சிகிச்சையின் முழுப்பொருளும் ஆம். கண்ணைத் தந்தபின் செயல் என்று அவர் காத்திருந்திலர். மாற்றுச் சமயத்தார் எள்ளி அக்கயிற்றையும் தறியையும் பிடுங்கினர். அதன்பின்னரே இறைவனருளால் அவர் கண் பெற்றது. கண் பெற்ற அற்புதத்தையே நாம் வியந்து பேசுகின்றோம். ஆயின் கண்ணில்லாக் காலத்துத் திருப்பணி குறையுடையதென்று சேக்கிழார் பெருமான் யாண்டுங் கூறிற்றிலர்.

தண்டியடிகள் கயிற்றைத் தாமே கட்டினார். சுந்தரமூர்த்தி சுவாமிகட்கு இறைவனே ஊன்றுகோல் தந்தான். திருவொற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு தவறிக் கண்ணிழந்து நடந்த அவர்க்குத் திருவெண்பாக்கத்தில் கண் கிடைத்திலது, கோலே கிடைத்தது. (பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது இடம் பெயர்க்கப்பட்ட கோயில் அது.) சுவாமிகள் அதனை மகிழ்ந்து ஏற்றிலர், வருந்தியே பாடினார். நோயாளர்பால் பழகுவார் இதனை நாடோறும் காண்பர். சக்கர நாற்காலியோ கைத்தடியோ வீடு வந்தால் அதனை விருந்தினர் வருங்கால் கதவின் பின்னே மறைத்துவைப்பர். கோல் தருபவர் நன்றியை எதிர்பார்த்தல் கூடாது. அவ்வருத்தத்தோடேயே சுவாமிகள் காஞ்சிவரை நடந்தார் என்பதனையே நாம் நோக்கவேண்டும்.

இனி மற்றொரு தடை உண்டு; இதுவே வலியது. விரல்கூட அசையாதார் உளரே, செயலே உயிரின் விளக்கமெனின் அவர்க்கு விளக்கம் இன்றோ? இதற்கு யாம் நெடிது எண்ணியும் முழு விடை பெற்றேமில்லை. ஒன்று கூறலாம். விழைதலும் தேர்தலும் உயிரின் ஆற்றலே. எந்தப் பதிகத்தைக் கேட்கவேண்டும், எந்தச் சாளரத்தைத் திறக்கவேண்டும், யார் நெற்றியில் நீறிடவேண்டும் என்று அவரை வினவி, கண்ணிமைப்பால் வரும் விடைக்குக் காத்திருத்தலும் அவர்க்கு ஒரு வாயிலைத் திறத்தலே. நாம் பெரும்பாலும் வினவுவதில்லை, வினவினாலும் காத்திருப்பதில்லை. அன்றியும், கூலிக்கு மீள்வதே செயலின் அளவுகோல் என்று எவரேனும் கொள்வாராயின் அதனையும் யாம் மறுப்பேம். மூட்டு வீங்கிய நாளில் கையை ஓய்த்திருக்கக் கற்பித்தலும் இக்கலையின் பகுதியே. உழைப்பின் பெயரால் நோயாளரை வருத்துதல், இரக்கத்தின் பெயரால் முடக்குதலினும் சிறந்ததன்று.

மருமகளாரின் வினாவிற்கு இவற்றையெல்லாம் யாம் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். அவர் பணிவோடு கேட்டார், முகம் தெளியவில்லை. சின்னாள் கழித்து அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேம். மூதாட்டியார் ஆணிப்பலகையில் சுரைக்காயை நிறுத்தி இடக்கையால் அரிந்துகொண்டிருந்தார். துண்டுகள் ஒன்றுபோல் இல்லை. சுரைக்காயின் விலை ஏறியமை பற்றி எம்மிடம் நெடுநேரம் குறைகூறினார். அப்பொழுது அடுத்த வீட்டார் இருவர் வாயிலில் வந்து நின்றனர். மருமகளார் பலகையை எடுத்து மறைப்பதற்கு விரைந்தெழுந்தார். பின்னர் மாமியாரின் கையைப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தார்.