சுறாவின் தோலும் விமானத்தின் உடலும்

 



புட்டு செய்வதற்காகச் சுறாவைச் சுத்தம் செய்த தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் போல உராயும். அந்தத் தோல் முழுவதும் பற்கள் போன்ற நுண்ணிய செதில்கள். அவற்றின் மேல், நீர் ஓடும் திசையிலேயே வரப்பு வரப்பாகக் கோடுகள்.

வழவழப்பாக இருந்தால்தான் வேகமாகப் போக முடியும் என்று நினைக்கிறோம் அல்லவா? வேகமாகப் போகும் உடலை ஒட்டி ஓடும் நீரும் காற்றும் பெரும்பாலும் சீராக ஓடுவதில்லை. சிறு சிறு சுழல்களாகப் புரள்கின்றன. வழவழப்பான பரப்பில் அந்தச் சுழல்கள் நன்றாக உரசி, பின்னால் இழுக்கும். நெருக்கமான வரப்புகள் இருந்தால் சுழல் இடுக்கில் இறங்க முடியாது, நுனிகளைத் தொட்டபடி போய்விடும். உராய்வு குறைகிறது. ஆனால் வரப்பு கொஞ்சம் பெரிதானால் சுழல் உள்ளே புகுந்து, இழுவை முன்பைவிடக் கூடிவிடும். திசை மிகவும் மாறினாலும் பலன் போய்விடும். கதர், அதாவது அளவு என்று ஓதுகிறோமே, அதை இந்தத் தோலில் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

இதைப் பார்த்து லுஃப்தான்சா டெக்னிக்கும் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனமும் 'ஏரோஷார்க்' என்றொரு படலம் செய்தன. வரப்பின் அளவு சுமார் 50 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. 2022 முதல் சுவிஸ் நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களில் ஒவ்வொன்றிலும் சுமார் 950 சதுர மீட்டர் ஒட்டப்படுகிறது. மிச்சமாவது சுமார் 1 சதவீத எரிபொருள். சிரிக்காதீர்கள்! ஒரு விமானத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 400 டன். வீண்விரயம் கூடாது என்பதை ஒளூவின் தண்ணீரிலேயே கற்றுக்கொண்ட சமுதாயம் நாம்.

இந்தச் செய்தி கைபேசியில் வந்தால், 'இதை அன்றே குர்ஆன் சொல்லிவிட்டது' என்று எழுதி நாலு பேருக்கு அனுப்புவோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுறாத் தோலின் வரப்பு அளவு குர்ஆனில் இல்லை. படைப்புகளைப் பாருங்கள், சிந்தியுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. ஒட்டகத்தைக் காட்டி, பறவையைக் காட்டிச் சொல்லியிருக்கிறது. சுறாத் தோலை நுண்ணோக்கியில் வைத்து அளந்து, காற்றுச் சுரங்கத்தில் வருடக்கணக்காகச் சோதித்தவர்கள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவர்கள் கண்டதை எடுத்து நாம் வேதத்துக்குச் சான்றிதழ் தேடுகிறோம். அல்லாஹ்வின் வேதத்துக்கு விமானக் கம்பெனியின் சான்றிதழ் எதற்கு?

உங்கள் பிள்ளை ஒரு மீன் செதிலையோ உதிர்ந்த இறகையோ கொண்டுவந்து, "அத்தா, இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டால், "போய் ஓதுடா" என்று விரட்டாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து நீங்களும் பாருங்கள். பதில் தெரியவில்லையா, திங்கட்கிழமை அவனுடைய அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அவன் வந்து சொல்லும்போது உட்கார்ந்து கேளுங்கள்.