உரோகிணி ஆற்றங்கரையும் யோர்தான் ஆற்றங்கரையும்

 

திரிசரணம் ஏற்றுப் பஞ்சசீலம் காக்கும் நமக்கு, கடல் கடந்த தேசத்தில் யூதரும் பாலஸ்தீன அரபியரும் கொண்டுள்ள பகையைப்பற்றி ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அவர்க்கு யாம் கூறும் விடை இது. அப்பகை நம் வீதிக்கே வந்துவிட்டது. காஸாவில் குண்டு விழுந்து மாண்டோர் முஸ்லிம்கள் என்பதற்காக மகிழ்வோர் நம் அண்டையில் உளர். 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதை நியாயம் என்று பேசுவோரும் உளர். காலையில் கொல்லாமைச் சீலம் ஏற்று, மாலையில் பிறர் செய்த கொலைக்குக் கைகொட்டுவது எங்ஙனம் பௌத்தமாகும்? ஆதலின் இப்பௌர்ணமியில் இதனையே தம்ம விசாரணைக்கு எடுத்துக்கொண்டோம்.

இரு திறத்தார் துக்கம்

துக்கத்தை உள்ளபடி அறிதல் பகவன் அருளிய முதல் வாய்மை. ஒரு திறத்தார் துக்கத்தை மட்டும் அறிபவன் அவ்வாய்மையில் பாதியையும் அறிந்தவனாகான்.

ஐரோப்பாவில் ஹிட்லரின் ஆட்சியில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டனர். தப்பிப் பிழைத்தோர்க்குத் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் நாடிச் சென்ற நிலத்தில் வேறு மக்கள் தலைமுறை தலைமுறையாய் உழுது, ஒலிவ மரம் வளர்த்து வாழ்ந்திருந்தனர். 1948இல் இஸ்ரேல் அரசு தோன்றிய காலத்துப் போரில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடும் வயலும் இழந்து அகதிகளாயினர். 1967ஆம் ஆண்டுப் போரினால் யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலியப் படையின் கீழ் வந்தன. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் இயக்கத்தினர் எல்லை கடந்து கொலை புரிந்ததோடு, 251 பேரைப் பிணையாகவும் கொண்டு சென்றனர். அதன்பின் நடந்த போரில் காஸாவில் மாண்டோர் 60,000க்கு மேல் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குத் தந்தது. 2025 அக்டோபரில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. பீரங்கியை நிறுத்த உடன்பாடு போதும். பகையை நிறுத்த அது போதாது.

உரோகிணியில் நடந்தது

இவ்விடத்து நமக்கு நினைவு வரவேண்டியது உரோகிணி ஆறு. ஒரு கரையில் சாக்கியர். மறு கரையில் கோலியர். இருவரும் கொள்வினை கொடுப்பினை உடைய உறவினர். கோடையில் நீர் குறைந்து பயிர் வாடிற்று. மடையில் நின்ற பண்ணையாட்கள் முதலில் நீருக்காகச் சண்டையிட்டனர். பின்னர் ஒருவர் குலத்தை ஒருவர் இழித்துரைத்தனர். அவ்விழிசொல் அமைச்சர் செவிக்கும், அங்கிருந்து அரசர் செவிக்கும் ஏறிற்று. இரு படையும் கரையில் வந்து நின்றன. பகவன் அங்கு எழுந்தருளி, எதன் பொருட்டுப் போர் என்று அரசரை வினவினார். அரசர் அறியார், சேனாபதியும் அறியார். கீழ்நிலை வரையில் கேட்டுவந்து, பண்ணையாட்களைக் கேட்டபோதுதான் தண்ணீர் என்ற விடை கிடைத்தது. சிறிது நீருக்காக விலைமதிப்பற்ற உயிரை அழிப்பது தகுமோ என்று பகவன் கேட்க, படைகள் நாணித் திரும்பின.

பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், இவ்வழக்கைச் சித்தார்த்தர் துறவுக்கே காரணமாக வைத்தார். சாக்கிய சங்கம் போருக்குத் தீர்மானித்தபோது, இரு புறத்தும் இருவர் இருவராகத் தேர்ந்து, அந்நால்வரும் ஐந்தாமவரைத் தேர்ந்து, அவ்வைவரும் வழக்கைத் தீர்க்கட்டும் என்று சித்தார்த்தர் கூறினார். சபை இசையவில்லை. போருக்கு உடன்படாதவர் நாடு துறந்தார். ஆகவே நம் சாஸ்தாவின் துறவு ஒரு போரை மறுத்ததில் தொடங்கிற்று என்பதை மறவாதிருப்போம்.

ஹைஃபா ஆலைவாயில்

யாம் பஞ்சாலையில் தறியோட்டிப் பிழைத்தோம். ஆதலின், அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1946 ஏப்ரலில், ஆங்கிலேயர் ஆட்சி நடந்தபோது, தபால், தந்தி ஊழியரும் இரயில்வே தொழிலாளரும் கீழ்நிலை அரசு ஊழியரும் யூதர், அரபியர் என்னும் வேற்றுமையின்றி ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்தனர். வயிற்றுக்கு மதமில்லை என்பதை அறிந்திருந்தனர். அரசாங்கம் இறங்கிவந்து கோரிக்கைகள் பலவற்றை ஏற்றது.

இருபது மாதம் கழிந்தது. 1947 நவம்பர் 29ஆம் நாள், நாட்டை இரண்டாகப் பிரிக்க ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. டிசம்பர் 30ஆம் நாள், ஹைஃபா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாயிலில் அன்றாடக் கூலிக்குக் காத்துநின்ற அரபியர் கூட்டத்தின்மீது இர்குன் என்னும் யூத ஆயுதக் குழு குண்டு வீசிற்று. அறுவர் மாண்டனர். உடனே ஆலைக்குள் இருந்த அரபுத் தொழிலாளர், தம்முடன் வேலை செய்த யூதர் 39 பேரைக் கொன்றனர். மறுநாள் இரவு ஹகானா என்னும் யூதப் படை, அத்தொழிலாளர் பலர் வாழ்ந்த பலத் அல்-ஷேக் என்னும் ஊரைத் தாக்கிப் பலரைக் கொன்றது. மூன்று கொலையும் இரண்டு நாளில் முடிந்தன. ஒவ்வொன்றும் முன்னதற்குப் பழி என்றே செய்யப்பட்டது. பகையைப் பகையால் தணிக்கவியலாது என்று பகவன் உபதேசித்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கிசாகோதமியின் வழி நடப்போர்

இனி, அதே மண்ணில் அமைதியை நாடுவோரைக் காண்போம். மாண்ட மகவை ஏந்திய கிசாகோதமி, சாவில்லாத வீட்டில் கடுகு கேட்டு வீடுவீடாய்த் திரிந்து, பிறர் துக்கத்தைக் கண்டு தன் துக்கம் தெளிந்தாள். அவள் சென்றது தன் ஊரார் வீட்டுக்கு. பகைவன் வீட்டுக்கே சென்று கதவு தட்டியவர்கள் அங்கே இருக்கின்றனர்.

இஸ்ஹாக் பிராங்கந்தால் என்பவரின் மகனை 1994இல் ஹமாஸ் இயக்கத்தினர் கடத்திக் கொன்றனர். அவர் 1995இல், மக்களை இழந்த பெற்றோரின் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். இரு திறத்திலும் உற்றாரை இழந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதில் சேர்ந்தன. அவர்களுள் ராமி எல்ஹனான் ஒரு யூதர். அவர் மகள் ஸ்மதார், 1997 செப்டம்பர் 4ஆம் நாள் ஜெருசலேம் கடைவீதியில் தற்கொலைக் குண்டினால் மாண்டாள். பசாம் அராமின் ஒரு பாலஸ்தீனியர். பதினேழாம் வயதில் சிறைசென்று ஏழாண்டு கழித்தவர். அவர் மகள் அபீர், பத்து வயதினள், 2007 ஜனவரியில் பள்ளியருகே இஸ்ரேலிய எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் குண்டினால் மாண்டாள். பசாம் பழிவாங்க எழவில்லை, நீதிமன்றம் சென்றார். அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் இங்கிலாந்து சென்று, யூதர் ஐரோப்பாவில் பட்ட பாட்டையே பாடமாக எடுத்துக் கற்றார். அபீர் படித்த பள்ளியில் அவள் பெயரால் ஒரு தோட்டம் அமைத்தவருள், முன்னர் இஸ்ரேலியப் படையில் பணிபுரிந்தோர் பலர். ராமியும் பசாமும் உடன்பிறந்தார் போல ஊர்தோறும் சென்று பேசுகின்றனர்.

விவியன் சில்வர் என்னும் மூதாட்டியார் 2014இல் தோன்றிய பெண்கள் அமைதி இயக்கத்தை நிறுவியோருள் ஒருவர். காஸா நோயாளிகளைத் தம் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தவர். 2023 அக்டோபர் 7இல் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் மகன் பழி கோராமல் தாயின் பணியைத் தொடர்ந்தார்.

சேர்ந்து வாழ்தலின் அருமை

ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையே, லட்ருன் மடத்தின் நிலத்தில், புரூனோ ஹுஸ்ஸார் என்னும் கிறிஸ்தவத் துறவி 1970களில் ஓர் ஊரைத் தோற்றுவித்தார். எபிரேயத்தில் நெவே ஷாலோம் என்றும், அரபியில் வாஹத் அஸ்-ஸலாம் என்றும் அதற்குப் பெயர். அமைதிச் சோலை என்பது பொருள். பாதிக் குடும்பங்கள் யூதர், பாதிக் குடும்பங்கள் அரபியர் என்பது ஊர் ஏற்பாடு. 1984இல் தொடங்கிய பள்ளியில் குழந்தைகள் இரு மொழியும் கற்கின்றனர்.

அவ்வூரில் சச்சரவே இல்லை என்று எண்ண வேண்டா. 1997 பிப்ரவரியில் இரண்டு ராணுவ ஹெலிகாப்டர்கள் மோதி 73 இஸ்ரேலியப் படைவீரர் மாண்டனர். அவருள் ஒருவர் அவ்வூர்ப் பிள்ளை. அவர்க்கு ஊரில் நினைவுப் பலகை வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. நம் பிள்ளை என்றனர் ஒருசாரார். நம்மை ஆளும் படையின் வீரர்க்கு நாம் எங்ஙனம் நினைவு வைப்போம் என்றனர் மறுசாரார். இரண்டும் உண்மைத் துக்கமே. வழக்கு நெடிது நடந்தது. ஆயினும் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தவில்லை. 2020இல் அங்குள்ள சமாதானப் பள்ளியின் கட்டடம் தீக்கிரையானபோதும் ஊரார் கலையவில்லை. சேர்ந்து வாழ்தல் என்பது கருத்து ஒன்றாதல் அன்று. கருத்து வேறுபட்டபோதும் ஒரே கிணற்றில் நீர் மொள்ளுதல்.

நீதியும் அமைதியும்

இங்கு ஓர் ஐயம் எழும். நிலம் இழந்தவனை நோக்கி அமைதி கொள் என்பது, அநீதியை மூடும் துணியாகாதோ? நம் முன்னோர்க்கும் பொறுத்திரு என்று உபதேசித்தவர்கள் உண்டன்றோ?

விடை மகாட்டில் இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் நம்மவரை அழைத்துச் சென்று சவுதார் குளத்து நீரை அருந்தச் செய்தார். மேல்சாதியார் தடிகொண்டு தாக்கினர். திருப்பித் தாக்க வல்லவர், முன்னர்ப் பட்டாளத்தில் இருந்தவர், நம் கூட்டத்தில் உளராயினர். பாபாசாகேப் அவர்களைத் தடுத்தார். தடுத்தவர் குளத்தைக் கைவிட்டாரோ? இல்லை. வழக்காடினார்; 1937இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார். உரிமையில் ஓர் அணுவும் விடாமலும், பழியில் ஓர் அணுவும் கொள்ளாமலும் நின்ற வழி அது. பாலஸ்தீனியர்க்கு நிலமும் நீரும் சுதந்திரமும் வேண்டும். யூதர்க்கு அச்சமற்ற வாழ்வு வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கேட்பது தம்மமாகாது.

வேலைக்குச் செல்ல எண்ணும் இளைஞர்க்கு

ஈற்றில், நம் அடுப்பைத் தொடும் செய்தி. 2023 அக்டோபருக்கு முன்னர், மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சம் பாலஸ்தீனியர் இஸ்ரேலில் கூலிவேலை செய்தனர். போர் தொடங்கியதும் அவர்கள் அனுமதி நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் அரியானாவின் ரோத்தக்கிலும், லக்னோவிலும் நம் நாட்டு இளைஞர் வரிசையில் நின்றனர். சென்ட்ரிங், கம்பி கட்டுதல், டைல்ஸ் பதித்தல், பூச்சு ஆகிய வேலைகளுக்கு மாதம் ஒரு லட்சத்து 37 ஆயிரம் ரூபாய் என்று விளம்பரம் செய்யப்பட்டது. நம் தொழிற்சங்கங்கள் இதனை எதிர்த்தன.

போகலாமா என்று நம் பிள்ளைகளும் கேட்கின்றனர். வேலைநிறுத்தக் காலத்தில் வெளியாரை லாரியில் கொணர்ந்து தறியில் நிறுத்துவதை யாம் கண்டுள்ளோம். அவர்களைக் கருங்காலி என்று ஏசியதையும் கேட்டுள்ளோம். லாரியில் வந்தவனும் பசித்தவனே. ஆதலின் பசியால் செல்பவனை ஏச மாட்டோம். ஆயினும் நல்வாழ்க்கை என்னும் மார்க்கத்து அங்கம், ஊதியத்தை மட்டும் பார்ப்பதன்று. நாம் நிற்கும் சாரத்தில் முன்னர் நின்றவன் யார், அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லும். இங்கே கூழேனும் கிடைக்குமாயின் போக வேண்டா என்பதே எம் கருத்து. போகத்தான் வேண்டுமெனின், வெளியேற்றப்பட்ட அரபுக் கொத்தனாரை இகழும் பேச்சில் சேராதே. அவர் திரும்ப வரவேண்டும் என்று கேட்பவரோடு நில். யூத முதலாளியையும் வெறாதே. அவர் தாத்தாவின் துக்கத்தையும் கேட்டறி.

இங்கிருக்கும் நாம் செய்யத்தக்கன மூன்று. எவர் சாவுக்கும் மகிழாதிருத்தல். மகிழ்வோர் பேச்சைப் பரப்பாதிருத்தல். பௌர்ணமிதோறும் மைத்திரி பாவனையில் காஸாத் தாயையும் இஸ்ரேல் தாயையும் ஒரே மூச்சில் நினைத்தல். பகைத்த அண்டைவீட்டாரோடு அன்றே சென்று பேசுபவன், இம்மூன்றையும் மெய்யாகச் செய்தவனாவான்.

எல்லா உயிரும் பகையொழிந்து, அச்சமொழிந்து வாழ்க!

சாது! சாது! சாது!