மருந்தும் தவக்குலும்

சென்ற ஜும்ஆவுக்குப் பின் மயிலைப் பள்ளிவாசலில் இளைஞர் ஒருவர் நம் அருகே வந்தமர்ந்தார். தியாகராய நகர் ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதுபவர். பிறந்த இரண்டாம் நாளே வயிறு வீங்கி, மலம் இறங்காமல் துடித்த தம் மகனுக்கு அறுவை சிகிச்சை நடந்து ஈராண்டாகிறது என்றார். சிக்கல் முற்றும் தீரவில்லை. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை ஊசிவழிச் செலுத்தினால் குடலில் நரம்பு முளைக்கும் என்று எவரோ சொல்லியிருக்கிறார். கேட்கும் தொகையோ பல லட்சம். "மனைவியின் மஹர் நகையை விற்கட்டுமா, ஹஸ்ரத்? விற்காவிட்டால் பிள்ளைக்குக் கடமை செய்யாத பாவியாவேனா?"

மஹர் மனைவியின் உடைமை. அதுபற்றி நம்மைக் கேட்குமுன் அவரைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் சொன்னோம்.

கோபன்ஹேகன் நகரக் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்புரூங் 1886இல் எடுத்துரைத்த நோய் இது. ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. கருவின் கழுத்துப் பகுதியிலிருந்து நான்காம் வாரத்தில் புறப்படும் நரம்பின் முன்னோடி அணுக்கள், குடல் நெடுக நடந்து ஏழாம் வாரமளவில் அதன் கடைசியை எட்டுகின்றன. தாய் தன் வயிற்றில் கருவிருப்பதை அறிந்தும் அறியாமலும் இருக்கும் நாட்களில் நடைபெறும் பயணம்! சில கருக்களில் அவை பாதிவழியில் நின்றுவிடுகின்றன. நரம்பில்லாத பகுதி தளர்ந்து கொடுக்காமல் இறுகிக் கிடக்க, அதற்கு மேலே மலம் தேங்குகிறது. அப்பகுதியை நீக்கி நல்ல குடலை இணைக்கும் முறையை 1948இல் ஸ்வென்சன் வெளியிட்டார். எண்ணற்ற குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கின்றனர்; சிலருக்குத் தொல்லை நீடிப்பதும் உண்மையே.

குருத்தணு ஆய்வு பொய்யன்று. மனிதக் குருத்தணுக்களிலிருந்து குடல் நரம்பின் முன்னோடிகளை வளர்த்து, இந்நோயுள்ள எலிகளின் குடலில் செலுத்தி, அவற்றை உயிர்பிழைக்கச் செய்ததை நியூயார்க் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். அணுக்கள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்ற வினாவையும் நம் உலமாக்கள் விட்டுவிடவில்லை; மக்காவின் ஃபிக்ஹு பேரவை 2003இலேயே ஆகுமான வழிகளையும் ஆகாத வழிகளையும் பிரித்துரைத்தது. ஆயினும் எலிக்கும் அந்த இளைஞரின் மகனுக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களைக் குறித்த சில நோய்களுக்குப் பயன்படுத்துவதே சிகிச்சை. மற்றவையெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெறலாம். அந்த ஆய்வுக்கு உடன்படுபவரிடம் பணமும் வாங்கலாகாது.

நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவும் பணித்தார்கள். ஆனால் கயிறென்று எவன் எதைக் காட்டினாலும் வாங்கிவிட வேண்டுமென்று பணிக்கவில்லை. மருத்துவம் அறியப்படாத ஒருவன் மருத்துவம் செய்தால் விளையும் கேட்டுக்கு அவனே பொறுப்பாளி என்ற ஹதீது அபூதாவூதில் இருக்கிறது. பாவம் அஞ்சி நடுங்க வேண்டியவன் விற்பவனாயிருக்க, வாங்க மறுக்கும் தகப்பனல்லவா நம்மிடம் நடுங்கி உட்கார்ந்திருக்கிறான்! நகையை விற்காத தகப்பன் பாவியல்லன் என்று திட்டமாகச் சொன்னோம்.

"ஒன்றுமே செய்யாதிருக்கச் சொல்கிறீர்களா?" என்றார், குரல் கம்மியது. இல்லை தம்பி என்றோம். அறுத்தவரிடமே பிள்ளையைக் கொண்டு செல்லுங்கள். நரம்பில்லாத குடல் சிறிது மீந்திருக்கலாம், இணைத்த இடம் குறுகியிருக்கலாம். இரண்டுக்கும் இன்றே வழியுண்டு. திங்களன்று செல்வதாகச் சொல்லி எழுந்தார். பிள்ளையின் பெயரை துஆவுக்காகக் கேட்டு வைத்துக்கொண்டோம்.