ஊகத்தின் ஊதியம்

நாளைய கைத்தொலைபேசியின் மின்கலம் எதனால் ஆக்கப்படும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் ஆய்வுகூடத்தில் தேடுகின்றனர்; மறு சாரார் பங்குச் சந்தையில் தேடுகின்றனர். முன்னவர் உழைக்கின்றனர்; பின்னவர் ஊகிக்கின்றனர். சரியாக ஊகித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவன் செல்வனாவது அறமாகுமா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

இன்றுள்ள மின்கலங்களின் எதிர்மின்வாயில் இருப்பது பெரும்பாலும் காரீயம். அதே எடையுள்ள சிலிக்கன் ஏறக்குறையப் பத்து மடங்கு லிதியத்தை ஏற்க வல்லது. ஆனால் மின்னேறும்போது மும்மடங்குக்கு மேல் பருத்துச் சிதைந்துவிடும். இந்தத் தடையைக் கடக்கும் முயற்சியின் பயனாக, சிலிக்கனும் கரியும் கலந்த மின்கலம் 2023இல் சீனத்தில் ஒரு கைத்தொலைபேசியில் விற்பனைக்கு வந்தது. இது மெய்யான முன்னேற்றம். இதை நாம் வரவேற்கிறோம். சந்தையின் கதையோ வேறு. சிலிக்கன் மின்கலம் செய்வதாகச் சொன்ன எனோவிக்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனியின் பங்கு 2021 நவம்பரில் நாற்பது டொலரை நெருங்கியது. 2023 ஜனவரியில், உற்பத்தி எதிர்பார்த்த வேகத்தில் நடவாது என்று தெரிந்ததும், பத்து டொலருக்கும் கீழே விழுந்தது. இந்தப் பதினான்கு மாதத்தில் சிலிக்கனின் இயல்பு அணுவளவும் மாறவில்லை. மாறியது பேராசையின் அளவே.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. யட்டியாந்தோட்டை அமைந்த அதே கேகாலை மாவட்டத்தில்தான் போகல காரீயச் சுரங்கம் இருக்கிறது. தூய்மையில் உலகப் பெயர் பெற்றது நம் நாட்டுக் காரீயம். அதன் பெயரைச் சொல்லிக் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பங்குகள் விற்கப்பட்டுள்ளன. முதல் உலகப் போரில், உலோகம் உருக்கும் மூசைகளுக்காகக் காரீயத்தின் விலை வானளாவியது. போர் ஓய்ந்ததும் சரிந்தது. அப்போருக்கு முந்திய காலத்துக் காரீய முதலாளிகளுள் ஒருவர் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க. அவர் மகன் டி. எஸ். சேனநாயக்கவின் அரசுதான் 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1971இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அப்போது நிதியமைச்சராயிருந்தவர் யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினர் என். எம். பெரேரா. பின்னர் போகல மீண்டும் தனியார் கைக்கே போயிற்று.

காரீயத்தை விட்டு இறப்பரைப் பார்ப்போம். மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டியிருந்த 1910இல், லண்டனில் இறப்பர் இறாத்தல் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. இறப்பர் மரத்தைக் கண்ணாலும் காணாதவர்கள் இறப்பர்த் தோட்டக் கம்பனிகளின் பங்குகளை வாங்கிக் குவித்தனர். களனிப் பள்ளத்தாக்கில் காடழித்து மரம் நட்டவர் யார், விடியலில் பால் வெட்டியவர் யார் என்பது அவர்களுக்கு வேண்டாத செய்தி.

ஊகிப்பவனும் இடரைத் தாங்குகிறான், அதற்கான கூலியே இலாபம் என்று பொருளியல் நூலோர் வாதிப்பர். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. விதைப்பவனும் மழையை ஊகித்தே விதைக்கிறான். புதிய கம்பனி முதன்முதலில் விற்கும் பங்கின் பணம் ஆய்வுக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. ஆனால் அதே பங்கு கைமாறிக் கைமாறி விலையேறும்போது ஆய்வுகூடத்துக்கு ஒரு சதமேனும் போவதில்லை. மேலும், இடர் யாருடையது? தோற்ற சூதாடி இழப்பது மிஞ்சிய பணத்தை. 1930களின் தொடக்கத்தில் இறப்பர் விலை வீழ்ந்தபோது இலங்கைத் தோட்டத் தொழிலாளர் இழந்தவையோ வேலையும் கூலியும் கூரையும்; ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பந்தயத்தில் அவர்கள் பணம் வைத்தவர்களா? பந்தயமாக வைக்கப்பட்டவர்கள் அல்லவா?

நாட்கூலி ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015 முதல் ஒலித்தது, நிறைவேறியது 2021இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கம்பனிகள் கூறிய மறுமொழி, சந்தை விலை போதாது என்பதே. விலை உயர்ந்த ஆண்டுகளில் அச்செய்தியைச் சொல்ல லயத்துக்கு யாரும் வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.